கறிவேப்பிலைச் செடியில் ஒரு வேஷக்காரி

வீட்டுக் கறிவேப்பிலை, எலுமிச்சை இலை மேல குருவி எச்சம் மாதிரி ஒண்ணு ஒட்டியிருந்தா தட்டி விட்டுடாதீங்க. அது காமன் மார்மன் பட்டாம்பூச்சியோட புழுவா இருக்கலாம். பறவைகளை ஏமாத்தத்தான் அந்த வேஷம். வளர்ந்ததும் இலைப்பச்சைக்கு மாறிடும். சீண்டினா தலைக்குப் பின்னாடி சிவப்புக் கொம்பை நீட்டி நாத்தம் விடும்.

அப்புறம் கூட்டுப்புழு, அதுலயிருந்து பட்டாம்பூச்சி. இந்தியா, இலங்கை, தாய்லாந்துன்னு தோட்டங்கள்ல சாதாரணமா பார்க்கலாம். ஆண் கறுப்பு, பின்னிறகுல வெள்ளைப் பட்டை. பெண்கள்ல பலதும் காமன் ரோஸ்ங்கிற இன்னொரு பட்டாம்பூச்சியை அப்படியே காப்பியடிக்கும். ரோஸ், ஆடுதீண்டாப்பாளை தின்னு வளர்ந்த விஷக்காரி; பறவைகள் கிட்டயே போகாது. இந்தக் காப்பிக்குப் பின்னாடி இருக்கிறது டபுள்செக்ஸ்ங்கிற ஒரே ஜீன்னு 2014-ல கண்டுபிடிச்சாங்க. நம்ம செமஸ்டர் பிட்டெல்லாம் பக்கத்துல நிக்க முடியாது!

ஆனாலும் ஒரு இடத்துல மாட்டிக்கும்: ரோஸுக்கு உடம்பு சிவப்பு, மார்மனுக்குக் கறுப்பு.