இ-விசா: கையில் ஆவணம் இல்லை, கணினியின் பதில் மட்டுமே

பிரிட்டனில் தங்கும் அனுமதியைக் காட்டிய பி.ஆர்.பி. அட்டைக்குப் பதில் இப்போது இ-விசா. காலாவதியான அந்த அட்டையைக் காட்டி பிரிட்டனுக்கு விமானம் ஏற 2025 ஜூன் 1 கடைசி நாளாக இருந்தது. முதலில் இந்தக் கெடு 2024 டிசம்பர் 31 ஆக இருந்தது. அதற்கு நான்கு வாரம்கூட இல்லாத நிலையில், டிசம்பர் 4 அன்று, 2025 மார்ச் 31 வரை தள்ளிவைத்தார்கள். பிறகு ஜூன் 1 வரை. மாற்றம் சுமுகமாக நடக்கவே இந்தத் தளர்வு என்றது பிரிட்டன் உள்துறையான ஹோம் ஆபீஸ். புதிய முறை தயாராவதற்கு முன்பே பழைய அட்டையைச் செல்லாததாக்கிவிட்டார்கள் என்றே எனக்குப் படுகிறது. தயாராக இருந்திருந்தால் ஒரு கெடுவை இரண்டு முறை தள்ள வேண்டிய தேவை வந்திருக்காது.

ஈஸ்ட்ஹாம், ஹரோ, டூட்டிங் பகுதி வாசகர்களும், திருச்சியிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கும் அவர்களுடைய பெற்றோரும் சில வாரங்களாக எழுதிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது கவுன்டரில் நிறுத்திவிடுவார்களோ என்பதே எல்லாக் கடிதங்களிலும் உள்ள பயம். அதோடு இன்னொன்றும் தெரிகிறது. அரசு சொல்லும் விளக்கத்தை எல்லோரும் படித்திருக்கிறார்கள், ஆனால் நம்பவில்லை. அந்த அவநம்பிக்கைக்கு ஆதாரம் இருக்கிறதா என்பதே இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி. அவசரமாகப் பதில் வேண்டியவர்கள் கடைசிக் கேள்விகளுக்குப் போகலாம்.

அட்டை முடிந்தால் விசாவும் முடிந்ததா?

இல்லை. அட்டையில் அச்சான தேதி அட்டைக்கு உரியது. தங்குவதற்கான அனுமதி எதுவரை என்பது உங்களுக்கு வந்த முடிவுக் கடிதத்தில் இருக்கும். நிரந்தரமாகத் தங்கும் உரிமையான ஐ.எல்.ஆர். பெற்றவர்களின் அட்டைகளிலும் 2024 டிசம்பர் 31 என்றே அச்சிட்டிருந்தார்கள். முடிவே இல்லாத உரிமைக்கு முடிவுத் தேதி போட்ட அட்டை. குழப்பத்துக்கு வாசகர்களைக் குறை சொல்ல முடியாது.

இ-விசா என்பது உண்மையில் என்ன?

இந்தியாவுக்கு இ-விசா எடுத்து வருபவர்கள், மின்னஞ்சலில் வந்த அனுமதியை அச்சிட்டுக் கையில் எடுத்து வருகிறார்கள். அந்தப் பழக்கத்தில், பிரிட்டனின் இ-விசாவும் பதிவிறக்கி வைத்துக்கொள்ளும் ஒரு கோப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒரு கோப்பே கிடையாது.

நடப்பது இதுதான். பாஸ்போர்ட் எண்ணையோ அட்டை எண்ணையோ போட்டு, அரசின் தளத்தில் திறந்திருக்கும் உங்கள் கணக்கில் நுழைகிறீர்கள். கைபேசிக்கோ மின்னஞ்சலுக்கோ ஒரு குறியீடு வருகிறது. அதைக் கொடுத்தபின், வேலைக்கா வீட்டு வாடகைக்கா என்று நீங்கள் சொல்லும் காரணத்துக்கு ஏற்ப, ஒன்பது எழுத்தும் எண்ணும் கலந்த ஷேர் கோட் கிடைக்கிறது. அதன் ஆயுள் 90 நாள். முதலாளியோ வீட்டுக்காரரோ அந்தக் கோடையும் உங்கள் பிறந்த தேதியையும் அரசின் தளத்தில் இடுகிறார். அந்த நொடியில்தான் கணினி உள்ளே போய், வெவ்வேறு தரவுத்தளங்களில் உங்களைப் பற்றிக் கிடப்பதைத் திரட்டி, இவருக்கு உரிமை உண்டா என்று கணக்கிட்டுத் திரையில் காட்டுகிறது. பத்து நிமிடம் கழித்து வேறொருவர் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து கணக்கிடுகிறது. காலையில் வந்த பதில் மாலையிலும் வரும் என்று உங்கள் கையிலிருக்கும் எதுவும் உறுதி தராது. திரையைப் படம் பிடித்து வைத்தால் அது சட்டப்படி சான்று ஆகாது.

வீட்டுப் பத்திரம் உங்கள் பீரோவில் இருப்பது ஒரு நிலை. பத்திரமே கிடையாது, யார் கேட்டாலும் சார்பதிவாளர் அலுவலகம் அந்த நேரத்தில் "ஆமாம், இவர் வீடுதான்" என்று சொன்னால்தான் உண்டு என்பது வேறு நிலை. அலுவலகத்தின் ஏட்டில் பிழை இருந்தால் என்ன செய்வீர்கள்? பிழை என்று காட்ட உங்களிடம் எதுவும் இல்லை. சான்று வைத்திருப்பதும் மறுப்பதும் ஒரே இடம்.

எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். அட்டை தொலையும், திருடு போகும், போலியாகும். இ-விசா அப்படி ஆகாது என்கிறது அரசு. அட்டையைப் பற்றிச் சொன்னது உண்மை. மனைவியின் அட்டையைப் பூட்டி வைத்த கணவர்களும், தொழிலாளியின் அட்டையைப் பிடுங்கி வைத்த முதலாளிகளும் இருந்திருக்கிறார்கள். அவர்களிடமிருந்து இது சிலரைக் காப்பாற்றும் என்பதையும் மறுக்க மாட்டேன். ஆனால் முகவர் தன்னுடைய மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் கொடுத்து உங்களுக்குக் கணக்குத் திறந்தால், அட்டையைப் பூட்டி வைத்ததைவிட மோசமான பிடி அவர் கைக்குப் போகிறது. படிக்க வந்த பிள்ளைகளும் பராமரிப்பு வேலைக்கு வந்தவர்களும் கணக்கு யாருடைய எண்ணில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள்.

பிழை வருமா என்ற கேள்விக்கு ஏற்கெனவே பதில் இருக்கிறது. ஹோம் ஆபீஸ் தரவுத்தளத்தில் 76,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர், படம் அல்லது குடிவரவு நிலை தவறாகப் பதிவாகியிருப்பதை, உள் ஆவணங்களை வைத்து 2024 மார்ச்சில் "தி கார்டியன்" வெளியிட்டது. ஒருவருடைய விவரம் இன்னொருவருடையதோடு ஒட்டிக்கொண்ட கதைகளும் அதில் உண்டு. அதே ஆண்டு ஜூனில் லண்டன் உயர் நீதிமன்றம் இன்னொரு ஓட்டையைக் காட்டியது. விசா நீட்டிப்புக்கு உரிய காலத்தில் விண்ணப்பித்தவருக்கு, முடிவு வரும்வரை பழைய உரிமைகள் சட்டப்படி தொடரும். ஆனால் அதற்குச் சான்று எதையும் அரசு அவர்கள் கையில் தரவில்லை. முதலாளி கேட்டால் காட்ட எதுவும் இல்லாமல் வேலை இழந்தார்கள். அப்படிச் சான்று தராதிருப்பது சட்டவிரோதம் என்றது நீதிமன்றம்.

முதலாளியின் பக்கத்தையும் பாருங்கள். உரிமையில்லாத ஒருவரை வேலைக்கு வைத்தால், 2024 பிப்ரவரியிலிருந்து தலைக்கு 45,000 பவுண்டு வரை அபராதம், அதுவும் முதல் முறைக்கு. இங்கிலாந்தில் வீட்டுக்காரருக்கு ஆளுக்கு 10,000 பவுண்டு வரை. திரையில் ஏதோ சுழன்றுகொண்டே இருந்தால் அவர்கள் யாரை நம்புவார்கள்? "அடுத்த ஆளைக் கூப்பிடு" என்பதுதான் அவர்களுக்குப் பாதுகாப்பான முடிவு. அதற்குக் கெட்ட எண்ணம்கூடத் தேவையில்லை.

இதற்கு மாற்று வழி இல்லாமலில்லை. கொரோனா காலத்துத் தடுப்பூசிச் சான்றைப்போல, அரசின் மின்கையொப்பத்துடன் ஒரு கியூஆர் குறியைக் கைபேசியிலோ தாளிலோ வைத்துக்கொள்ள விடுங்கள் என்று, பிரிட்டனில் வாழும் ஐரோப்பியர்களின் "தி த்ரீ மில்லியன்" அமைப்பு கேட்டு வருகிறது. பிரெக்சிட்டுக்குப் பின் தாளோ அட்டையோ இல்லாத இந்த முறைக்குள் முதலில் தள்ளப்பட்டவர்கள் அவர்கள்தான். கையில் வைத்துக்கொள்ளும் சான்று தர வேண்டும் என்று 2020இல் பிரபுக்கள் சபை திருத்தம் நிறைவேற்றியது. மக்களவை அதைத் தள்ளிவிட்டது.

"ஆவணம் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது" என்பதை ஏன் நம்ப மறுக்கிறார்கள்?

ஏனென்றால் இதே துறை ஆவணத்தை அழித்திருக்கிறது. 1948இல் வந்த "எம்பயர் வின்ட்ரஷ்" கப்பலின் பெயரால் அழைக்கப்படும் தலைமுறை, கரீபியத் தீவுகளிலிருந்தும் பிற காலனிகளிலிருந்தும் சட்டப்படி குடியேறியது. 1973க்கு முன் வந்தவர்களின் தங்கும் உரிமையை 1971ஆம் ஆண்டுச் சட்டமே காத்தது. பலருக்குத் தனி ஆவணம் தரப்படவில்லை, அன்று யாரும் கேட்கவுமில்லை. அவர்கள் வந்திறங்கிய நாளைக் காட்டக்கூடிய தரையிறங்கும் சீட்டுகள் துறையின் வசம் இருந்தன. 2010இல் அவற்றை அழித்தார்கள். 2012க்குப் பின், தெரசா மே உள்துறை அமைச்சராக இருந்தபோது, ஆவணமில்லாதவர்களுக்கு வாழ்க்கையைக் கடினமாக்குவதே கொள்கை ஆனது. வேலை, வாடகை வீடு, மருத்துவம் எல்லாவற்றுக்கும் காகிதம் கேட்டார்கள். அறுபது வயதைத் தாண்டியவர்களிடம், நீங்கள் இங்கே இருந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் சான்று கொண்டுவாருங்கள் என்றார்கள். தவறாக நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டவர்கள் 83 பேர் என்று அரசே பிறகு ஒப்புக்கொண்டது. வெளியேற்ற இலக்கு எதுவும் கிடையாது என்று நாடாளுமன்றக் குழுவிடம் சொன்ன உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட், இலக்கு இருந்ததைக் காட்டும் ஆவணங்கள் வெளியானதும் 2018 ஏப்ரல் 29 அன்று பதவி விலகினார்.

இதைப் பழைய கதை என்று ஒதுக்குபவர்கள் உண்டு. தாளில் இருந்த சான்று அழிந்ததுதான் பிரச்சினை, கணினியில் அது நடக்காது என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்துக்கு பிரிட்டன் அஞ்சலகத்தின் கதை பதில் சொல்கிறது.

1999 முதல் அஞ்சலகக் கிளைகளில் ஃபுஜிட்சு நிறுவனத்தின் ஹொரைசன் மென்பொருள் வந்தது. கிளை நடத்தியவர்களின் கணக்கில் இல்லாத பற்றாக்குறையை அது காட்டியது. இவர்களில் கணிசமானவர்கள் தெற்காசியக் குடும்பத்தினர். கடையும் அஞ்சலகமும் சேர்த்து நடத்தியவர்கள். உதவி எண்ணுக்கு அழைத்தவர்களிடம், உங்களுக்கு மட்டும்தான் இப்படி நடக்கிறது என்றார்கள். ஒருவர் இருவரிடம் அல்ல, ஒருவரையொருவர் அறியாத பலரிடம். மென்பொருள் நம்பகமானது, வெளியிலிருந்து யாரும் கிளைக் கணக்கைத் தொட முடியாது என்பதே அஞ்சலகத்தின் நிலைப்பாடு. ஃபுஜிட்சு ஊழியர்களால் தொட முடியும் என்பது பின்னர் வெளிப்பட்டது. 900க்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. அவர்களில் ஒருவரான சீமா மிஸ்ரா 2010இல் கர்ப்பிணியாகச் சிறை சென்றார். கிளை நடத்தியவரான ஆலன் பேட்ஸும் உடன் வழக்காடியவர்களும் 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தில் வெல்லும்வரை, கணினி பொய் சொல்லும் என்பதை ஏற்க அஞ்சலகம் தயாராயில்லை. தண்டனைகளை மொத்தமாக ரத்துசெய்யும் சட்டம் 2024 மே மாதம்தான் வந்தது.

இதில் பலர் கவனிக்காத ஒரு சட்ட நுணுக்கம் உண்டு. 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி, கணினிப் பதிவைச் சாட்சியமாகக் கொண்டுவருபவர் அந்தக் கணினி ஒழுங்காக இயங்கியது என்று காட்ட வேண்டியிருந்தது. அது வீண் சிரமம் என்று சட்ட ஆணையம் பரிந்துரைக்க, 1999ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பிரிவை நீக்கியது. அதன்பின், கணினி சரியாகவே இயங்கியது என்பது நீதிமன்றத்தின் தொடக்க அனுமானம். தவறு என்று சொல்பவர்தான் காட்ட வேண்டும். கணினியின் உள்ளே பார்க்க உரிமையில்லாத கிளைக்காரர் எப்படிக் காட்டுவார்? இந்த அனுமானத்தை மாற்றலாமா என்று 2025 ஜனவரியில்தான் நீதித்துறை அமைச்சகம் கருத்துக் கேட்டது. அதாவது கணினியைக் கேள்வி கேட்கும் உரிமையை மீட்கும் பேச்சு நடந்த அதே மாதங்களில், லட்சக்கணக்கான குடியேறிகளின் உரிமை முழுவதையும் இன்னொரு துறை கணினியின் பதிலில் வைத்தது. நம்பத் தயங்குபவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று அதிகாரிகள் பேசுவது எனக்குக் கோபத்தையே தருகிறது. விவரம் தெரிந்ததால்தான் தயங்குகிறார்கள்.

பழைய பாஸ்போர்ட்டில் ஐ.எல்.ஆர். முத்திரை மட்டுமே உள்ளவர்கள்?

1983க்குப் பின் இலங்கையிலிருந்து வந்த மூத்தவர்கள் பலர் இந்த வகை. ஜூன் 1 கெடு அட்டைக்கானது. முத்திரையால் வந்த உரிமை போகவில்லை. ஆனால் காலாவதியான பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரையை வேலைக்கான சான்றாக முதலாளி ஏற்க முடியாது. "நோ டைம் லிமிட்" விண்ணப்பம் போட்டு இ-விசாவுக்கு மாறலாம், கட்டணம் கிடையாது. நாட்டில் இருந்ததைக் காட்டும் பழைய வரிக் கடிதம், மருத்துவமனைக் கடிதம் எதையும் வீசாதீர்கள்.

பிரிட்டிஷ் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு?

இது எதுவும் தேவையில்லை.

கெடு முடிந்த பிறகு கணக்குத் திறக்க முடியாதா?

திறக்கலாம், கட்டணமும் இல்லை.

பிள்ளைகளுக்கு?

ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு. பெற்றோர் திறந்து கொடுக்கலாம்.

பாஸ்போர்ட் புதுப்பித்தேன், என்ன செய்வது?

பயணத்துக்கு முன்பே புதிய எண்ணைக் கணக்கில் சேருங்கள். விமான நிறுவனத்தின் கணினி பாஸ்போர்ட் எண்ணை வைத்துத்தான் உங்களைத் தேடுகிறது.

திரையைப் படம் பிடித்து வைப்பதில் பயன் உண்டா?

சட்டப்படி இல்லை, பின்னால் முறையிட உதவும், எடுத்து வையுங்கள்.

மீனம்பாக்கத்திலோ கட்டுநாயக்கவிலோ கவுன்டரில் மறுத்தால்?

விமான நிறுவனங்களுக்காக ஹோம் ஆபீஸ் 24 மணி நேரமும் நடத்தும் உதவி மையத்தை அழைக்கச் சொல்லுங்கள். அந்த எண் கவுன்டரில் இருப்பவர்களுக்குத் தெரியும். மேலதிகாரியைக் கேட்டாவது அழைக்க வையுங்கள்.

பழைய அட்டையைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

வேண்டாம். கணக்குத் திறக்க அதன் எண் தேவைப்படலாம்.