எழுபது வயதில் கரண்ட் வைக்கலாமா?

புதுக்கோட்டை மாவட்டம் கறம்பக்குடிப் பக்கம் ஒரு வீட்டில் அப்பத்தாவுக்குக் கருப்பையில் புற்றுநோய் என்று தெரிந்து, ஆபரேஷனும் முடிந்து, "இனி கரண்ட் வைக்கணும்" என்று, அதாவது கதிர்வீச்சு கொடுக்க வேண்டும் என்று, டாக்டர் சொன்னால் முதலில் வயதைப் பற்றித்தான் பேச்சு எழும். "எழுபது ஆச்சு, உடம்பு தாங்குமா? இதுக்கு மேல எதுக்கு?" பாசத்தில் கேட்கிற கேள்விதான். ஆனால் இந்த நோயில் ஆராய்ச்சி சொல்வது வேறு. கதிர்வீச்சால் கூடுதல் பலன் பெறுகிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். நிறைய யோசித்துக் கொடுக்க வேண்டியது இளையவர்களுக்கு.

இங்கே பேசுவது கருப்பை வாய்ப் புற்றுநோயைப் பற்றி அல்ல. கருப்பையின் உட்படலத்தில், பெரும்பாலும் மாதவிலக்கு நின்ற பிறகு வருகிற நோய் இது. பத்து வருஷத்துக்கு முன் நின்றுபோன தீட்டு திரும்பப் பட்டதுபோல் ஒரு கசிவு தெரியும். இந்த நோய் வந்த பெண்களில் சுமார் 90 சதவீதம் பேருக்கு அதுதான் அறிகுறி. பலர் அதை மகளிடம்கூடச் சொல்வதில்லை. சொல்லிவிட்டால், ஆரம்பக் கட்டத்திலேயே கருப்பையை எடுத்து முடித்துவிடலாம். அதற்குப் பிறகுதான் கதிர்வீச்சு தேவையா என்ற கேள்வியே வருகிறது.

நெதர்லாந்தில் 1990 முதல் 1997 வரை ஆரம்பக் கட்ட நோயாளிகள் எழுநூற்றுச் சொச்சம் பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஆபரேஷன் மட்டும். மற்றதற்கு ஆபரேஷனோடு இடுப்புப் பகுதிக்கு வெளியிலிருந்து கதிர்வீச்சு, 23 நாள். ஐந்து வருஷத்தில், கதிர்வீச்சு இல்லாதவர்களில் 14 சதவீதம் பேருக்கு அதே பகுதியில் நோய் திரும்பியது. பெற்றவர்களில் 4 சதவீதம்தான். உயிரோடு இருந்தவர்களின் விகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே யாருக்கு இது அவசியம் என்று பிரித்துப் பார்த்தார்கள். கட்டி தசைக்குள் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, செல்கள் எவ்வளவு மூர்க்கமானவை, நோயாளிக்கு 60 வயது ஆகிவிட்டதா. இந்த மூன்றில் இரண்டு இருந்தால் ஆபத்து கூடுதல்.

அமெரிக்க ஆய்வு ஒன்று வயதை இன்னும் வெளிப்படையாகவே கணக்கில் சேர்த்தது. 70 தாண்டியவரை ஆபத்து கூடியவராகக் கொள்ள, கட்டியின் மூன்று ஆபத்துக் குறிகளில் ஒன்று இருந்தாலே போதும். 50 தாண்டியவருக்கு இரண்டு வேண்டும். அதற்குக் கீழே என்றால் மூன்றும் வேண்டும்.

இனி நார்வேயின் ஆஸ்லோ. 1968க்கும் 1974க்கும் இடையில் அங்கே 568 பெண்களுக்கு ஆபரேஷனுக்குப் பின் பெண்ணுறுப்பின் உள்ளே ரேடியம் வைத்தார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இடுப்புக்கு வெளியிலிருந்தும் கதிர் கொடுத்தார்கள். இருபது வருஷத்துக்கு மேல் விடாமல் கவனித்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். மொத்தத்தில் ஆயுள் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆனால் 60க்குக் கீழே இருந்தவர்களில், வெளிக்கதிர் பெற்றவர்கள் கூடுதலாக இறந்திருந்தார்கள். அவர்களுக்கு இன்னொரு புற்றுநோய் வரும் ஆபத்து சுமார் இரண்டு மடங்கு. நாற்பத்தைந்து வயதில் வாங்கிய கதிரின் பின்விளைவு தலைகாட்ட முப்பது வருஷம் மிச்சம் இருக்கிறதல்லவா! இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் அடங்கவில்லை. நெதர்லாந்து, நார்வே ஆகிய இரண்டு நாட்டு ஆய்வுகளும் அதே 60 வயதில்தான் கோடு கிழித்தன.

வயதானவர்களுக்குப் பலன் கூடுவதற்குக் காரணம் கதிரில் இல்லை, கட்டியில் இருக்கிறது. இளைய வயதில் வரும் கட்டிகள் பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் தூண்டுதலில் மெதுவாக வளர்பவை. மூப்பில் வருபவற்றில் பி53 என்ற புரதம் பழுதானவை அதிகம். அந்தப் புரதம் செல்லுக்குள் இருக்கும் செக்போஸ்ட் மாதிரி. மரபணு சிதைந்த செல்லை அதற்கு மேல் பெருக விடாது. அது கெட்டுவிட்டால் செல் தாறுமாறாகப் பெருகும். இதோடு, வயதைக் காரணம் காட்டிச் சிகிச்சையைக் குறைத்துவிடும் பழக்கமும் பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. பாதிச் சிகிச்சை கொடுத்துவிட்டு, வயதானவர்களுக்குப் பலன் குறைவு என்று சொல்வது நியாயமே இல்லை.

உடம்பு தாங்குமா என்ற கேள்வி மட்டும் உண்மையானது. கதிர் படும் வழியில் சிறுகுடலும் மலக்குடலும் சிறுநீர்ப்பையும் இருக்கின்றன. மேஜையில் படுக்குமுன் தண்ணீர் குடிக்கச் சொல்லிக் காக்க வைப்பார்கள். நிறைந்த சிறுநீர்ப்பை குடலை மேலே தள்ளிக் கதிரிலிருந்து விலக்கும். முதுமையில் அந்த அரைமணி நேரத்தை அடக்கிக்கொண்டிருப்பதே பெரும்பாடு. எலும்பு தேய்ந்தவர்களுக்குக் கதிர்பட்ட இடுப்பெலும்பில் பின்னாளில் விரிசல் விடவும் கூடும். இதெல்லாம் போக, கறம்பக்குடியிலிருந்து தஞ்சாவூருக்கு ஐந்து வாரம், திங்கள் முதல் வெள்ளி வரை பஸ் ஏறி இறங்க வேண்டும்.

அதற்கும் வழி பிறந்தது. 2002 முதல் 2006 வரை நெதர்லாந்தில் நடந்த இரண்டாவது ஆய்வில் 427 பெண்கள். பெரும்பாலும் 60 தாண்டியவர்கள். பாதிப் பேருக்கு வெளிக்கதிர். மீதிப் பேருக்குப் பெண்ணுறுப்பின் உள்ளே குழல் வைத்து உட்கதிர்வீச்சு. இக்கால முறையில் வாரத்துக்கு ஒன்றாக மூன்றே தடவை. ஐந்து வருஷத்தில் அந்த இடத்தில் நோய் திரும்பியது முறையே 1.6 சதவீதமும் 1.8 சதவீதமும். வயிற்றுப்போக்கு, உட்கதிர் பெற்றவர்களுக்கு வெகு குறைவு. குழலுக்குள் சில நிமிஷம் வந்து போவது சில மில்லிமீட்டர் நீளமுள்ள இரிடியம் துணுக்கு. அதற்கும் மூப்பு உண்டு: 74 நாளில் வீரியம் பாதியாகிவிடும், அதே அளவு கதிரைக் கொடுக்க இரு மடங்கு நேரம் பிடிக்கும்.

புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியபோது அவருக்கு வயது 67. அவர் பிறந்த மாவட்டத்திலேயே ஒரு மூதாட்டியின் சிகிச்சை, பிறந்த வருஷத்தை மட்டும் பார்த்து நிறுத்தப்படுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

முதியவர்களைச் சோதிக்கும் மருத்துவர்கள் நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்வார்கள். உடம்பின் தெம்பு, ஆதார் அட்டையில் இருக்கும் வயதைவிட அதில் நன்றாகத் தெரியும். கட்டியின் குணம் அறிய, ஆபரேஷனில் எடுத்த திசு மெழுகுக் கட்டியாக லேபில் இருக்கும். பி53 சோதனையை அதிலேயே செய்யலாம், திரும்ப ஊசியோ கத்தியோ வேண்டாம். "டாக்டர், எங்க அப்பத்தாவுக்கு அந்தச் சோதனை பார்த்தாச்சா? மூணு கரண்ட் போதுமா, இருபத்தஞ்சு வேணுமா?" என்று கூடப் போகிற பேத்தி தயங்காமல் கேட்கலாம்.