சிகிச்சை தொடங்கும் வீட்டில்

புற்றுநோய் என்ற சொல்லை எமது தோட்டப்புறங்களில் இன்றும் பலர் வாய்விட்டுச் சொல்வதில்லை. ‘அந்த வருத்தம்’ என்பார்கள், குரலையும் தாழ்த்திக்கொள்வார்கள். சொல்லை மறைப்பதோடு நின்றுவிட்டால் பரவாயில்லை. வருத்தக்காரரையும் மெல்ல மெல்ல மறைத்துவிடுகிறோம். அவருக்கென்று ஒரு மூலை, ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு டம்ளர்.

இந்நோயின் அறிகுறிகள் பற்றி நாம் பல தடவை பேசியிருக்கிறோம். இக்கட்டுரை வேறொன்றைப் பற்றியது. சிகிச்சை தொடங்கும் முதல் வாரங்களில் வீடு எப்படி இருக்க வேண்டும்? சிறிய விடயம்போலத் தோன்றும். ஆனால், சிகிச்சையைப் பாதியில் விட்டுவந்த பலரை நான் சந்தித்திருக்கிறேன். மருந்துக்குப் பயந்து விட்டவர்கள் சிலர். நாட்கூலி போய்விடுகிறதே என்று விட்டவர்கள் சிலர். வீட்டில் தனக்கு இனி வேலையுமில்லை, இடமுமில்லை, தான் ஒரு செலவு மட்டுமே என்ற எண்ணத்தால் விட்டவர்களே அதிகம் என்பது என் அனுபவம். பாதியில் விட்ட சிகிச்சை நோய்க்கே இடம் கொடுக்கும்.

சில வருடங்களுக்கு முன், மண்சரிவு அபாயத்தால் தமது லயத்தை விட்டு வெளியேற்றப்பட்ட ஒரு குடும்பம், தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றில் உறவினரின் காம்பராவில் தங்கியிருந்தது. பெரியவர் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் லயத்துக்குப் பின்னால் போஞ்சியும் கோவாவும் பயிரிட்டு வந்தவர். அந்த நிலமும் போய்விட்டது. அந்த நேரத்தில்தான் கன்னத்தின் உட்புறத்திலிருந்த ஆறாத புண், சோதனையில் புற்றுநோய் என்று தெரியவந்தது. நான் போயிருந்தபோது எல்லோருக்கும் ஒரே தட்டில் தேத்தண்ணி வந்தது. அவருக்கு மட்டும் வேறொரு டம்ளரில், சற்றுத் தள்ளி வைக்கப்பட்டது. நாலு வயதுப் பேத்தி, “தாத்தா, எனக்கு ஒரு வாய்” என்று அந்த டம்ளரைத் தொடப்போனாள். தாய் ஓடிவந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. தேத்தண்ணியையும் குடிக்கவில்லை.

புற்றுநோய் தொற்றுநோயல்ல. தட்டு, டம்ளர், படுக்கை, பேச்சு, மூச்சு எதனாலும் அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவாது. எமது சொந்த உடம்பின் கலங்களே ஒழுங்கு தவறிப் பெருகுவதுதான் இந்நோய். கசநோயோடு பட்ட பழைய பயத்தை எமது மக்கள் இதற்கும் கொண்டுவந்துவிட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

கதிர்ச்சிகிச்சை பெறுபவரின் உடம்பிலிருந்து கதிர் வெளியே வரும் என்ற பயமும் உண்டு. வெளியிலுள்ள இயந்திரத்தால் கொடுக்கப்படும் கதிர், இயந்திரம் நின்றவுடன் நின்றுவிடுகிறது. வீட்டுக்கு வந்தவர் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளலாம். தைரொயிட் புற்றுநோய்க்குக் கொடுக்கும் கதிரியக்க அயடீன் போன்ற சில சிகிச்சைகளில் மாத்திரம் சில நாட்கள் விலகியிருக்கச் சொல்வார்கள். அதை ஆஸ்பத்திரியிலேயே தெளிவாகச் சொல்லிவிடுவார்கள். கீமோ எனப்படும் மருந்து ஏற்றியபின் இரண்டு நாட்களுக்கு மலம், சிறுநீர், வாந்தி ஆகியவற்றில் மருந்து கலந்திருக்கும். ஆகவே அந்த நாட்களில் மலசலகூடத்துக்குத் தாராளமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். அழுக்குத் துணியைக் கையுறை போட்டுத் தனியாகத் துவையுங்கள். தனி டம்ளர் தேவையில்லை.

பெரியவருக்கு நோய் வந்த வழி எமக்குப் பழக்கமான வழிதான். இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, பொயிலை என்று நாள் முழுவதும் கன்னத்தில் அடக்கிக்கொள்வதே முக்கிய காரணம். பொயிலை சேர்த்தால்தான் ஆபத்து என்று பலர் நம்புகிறார்கள். பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004-ல் வெளியிட்ட நூலில் முடிவு கூறியிருக்கிறது. பனியிலும் மழையிலும் கொழுந்தெடுக்கும் பெண்கள் பசியை மறக்க இதைப் போடுகிறார்கள் என்பதை நான் அறியாதவனல்ல. இருந்தாலும், சிகிச்சை தொடங்கும் வீட்டில் வெற்றிலைத் தட்டு வெளியே போக வேண்டும். அவர் மட்டும் விட வேண்டும், மற்றவர்கள் முன்னாலிருந்து போடலாம் என்பது நடக்காத காரியம். எல்லோரும் விட்டால் அவருக்கும் முடியும்.

வாய்க்குக் கதிர்ச்சிகிச்சை தொடங்குமுன் பல் வைத்தியரிடம் அனுப்புவார்கள். பழுதான பற்களைப் பிடுங்கவும் கூடும். ‘புண்ணுக்கு மருந்து கேட்டால் பல்லைப் பிடுங்குகிறார்களே’ என்று கோபித்துக்கொண்டு திரும்பி வந்தவர்கள் இருக்கிறார்கள். காரணம் இதுதான்: கதிர் பட்ட தாடை எலும்பில் பின்னர் பல் பிடுங்கினால் காயம் இலகுவில் ஆறாது; எலும்பே பழுதாகலாம். பிறகு முகத்தின் அளவுக்கு ஒரு முகமூடி செய்வார்கள். தலை அசையாதிருக்கவும், கதிர் ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் படவும் அது உதவுகிறது. வாரத்தில் ஐந்து நாட்களாக ஆறு, ஏழு வாரங்கள் இது நடக்கும். ஒரு நாளைய சிகிச்சைக்குச் சில நிமிடங்களே ஆகும். அந்த நேரத்தில் வலியிராது.

வலி பின்னால் வருகிறது. இரண்டாம், மூன்றாம் வாரத்தில் வாய் புண்ணாகும், எச்சில் வற்றும், சோறு மண்போல இருக்கும். நோய் கூடிவிட்டது என்று வீட்டார் பயப்படுவது இந்தக் கட்டத்தில்தான். இது சிகிச்சையின் விளைவு; சிகிச்சை முடிந்து சில வாரங்களில் புண் ஆறத் தொடங்கும். ருசி திரும்ப இன்னும் சில மாதங்கள் எடுக்கலாம். கொதித்தாறிய நீரில் கொஞ்சம் உப்பும் அப்பச்சோடாவும் கரைத்து அடிக்கடி வாய் கொப்பளிக்கலாம். கட்டச் சம்பலையும் மிளகாயையும் சில காலம் மறக்க வேண்டும். குழைந்த கஞ்சி, மசித்த பருப்பு, அவித்து மசித்த உருளைக்கிழங்கு, முட்டை, பால், கனிந்த வாழைப்பழம் ஆகியவற்றைச் சூடாறியபின், கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவை கொடுங்கள். ‘சாப்பிடு, சாப்பிடு’ என்று நெருக்கினால் சாப்பாட்டு வேளையே தண்டனையாகிவிடும். அவருக்கு என்ன இறங்குகிறது என்று அவரையே கேளுங்கள். இந்த வாரம் இறங்கியது அடுத்த வாரம் இறங்காது, அதற்காகக் கோபிக்காதீர்கள்.

கீமோ வேறு விதமானது. பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரங்களுக்கு ஒரு தடவை ஏற்றுவார்கள். சில மருந்துகளால் இரண்டு, மூன்று வாரங்களில் முடி கொட்டும். சிகிச்சை முடிந்தபின் திரும்ப முளைக்கும். மார்புப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஒரு தாயின் தலைக்குத் தினமும் காலையில் துணி கட்டிவிடும் பொறுப்பை அவரது இரண்டு மகள்மாரும் முறைபோட்டு எடுத்துக்கொண்டார்கள். பழைய சேலைகளிலிருந்து வெட்டிய துணிகள். இன்றைக்கு எந்த நிறம் என்று ஒரே சண்டையும் சிரிப்பும். அந்தத் தாய் கிளினிக் நாட்களில் மகள்மார் சொன்ன நிறத்திலேயே போய்வந்தார்.

ஆனால் ஒரு விடயத்தில் விளையாட்டு வேண்டாம். மருந்து ஏற்றி ஒன்று, இரண்டு வாரங்களில் இரத்தத்தின் வெள்ளைக் கலங்கள் குறைந்து, கிருமிகளை எதிர்க்கும் சக்தி போய்விடுகிறது. அந்த நாட்களில் காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தொட்டால், இரவானாலும் மழையானாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பெனடோல் கொடுத்து விடியும் வரை பார்ப்பது ஆபத்து. பல குடும்பங்கள் ஒரே மண்டபத்தில் தங்கியிருக்கும் இடங்களில் இதை இன்னும் கவனிக்க வேண்டும். கொதித்தாறிய நீர், நன்றாகச் சமைத்த உணவு, சவர்க்காரம் போட்டுக் கழுவிய கை. தடிமல், இருமல் உள்ளவர்கள் கொஞ்சம் தள்ளியிருக்கட்டும். இது அவரால் எமக்கு ஆபத்து என்பதற்காக அல்ல, எம்மால் அவருக்கு ஆபத்து என்பதற்காக.

பதுளைப் பெரியாஸ்பத்திரியில் புற்றுநோய்ப் பிரிவு உண்டு. சில சிகிச்சைகளுக்கு மகரகமைக்கு அனுப்பப்படலாம். 1958-ல் தொடங்கிய மகரகமை ஆஸ்பத்திரி இப்போது ‘அபேக்ஷா’ என்று அழைக்கப்படுகிறது. சிங்களத்தில் எதிர்பார்ப்பு என்று பொருள். அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். வழிச்செலவும் இழந்த கூலியும்தான் எமது சுமை. உதவித்தொகை பற்றிப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் கேளுங்கள். 2014-ல் மீரியபெத்தையிலும் 2025 நவம்பர் புயலிலும் கண்டதுபோல, மண் வரும்போது கடதாசிகளும் போய்விடுகின்றன. கிளினிக் கொப்பி தொலைந்துவிட்டதென்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும், நினைவிருந்தால் முதலில் போன திகதியையும் சொல்லிக் கேளுங்கள். கொப்பி இருக்கிறவர்கள் அதைப் பொலித்தீன் பையில் சுற்றி, அவசரத்தில் கையில் எடுக்கக்கூடிய இடத்தில் வையுங்கள். சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவர் கூடப் போவது நல்லது. தமிழ் மட்டும் தெரிந்த ஒரு தாய், மாத்திரையை எப்போது போடுவதென்று விளங்காமல் ஒரு வாரம் முழுவதும் தலையணைக்குக் கீழே வைத்திருந்ததை நான் கண்டேன்.

இன்னொரு பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நித்தியகல்யாணிச் செடியிலிருந்து புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, இலையை அவித்துக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். செய்தி உண்மைதான். பிள்ளைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிறிஸ்டின் அந்தச் செடியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதே. ஆனால் அது துளிக்கணக்கில் அளந்து நரம்பில் ஏற்றும் கடுமையான மருந்து. அவித்த கஷாயம் நஞ்சாகலாம். செடி வாசலில் பூக்கட்டும், அது போதும்.

பிள்ளைகளிடம் மறைப்பதைப் பற்றியும் கேட்கிறார்கள். பிள்ளைகள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள். மறைத்தால் தம்மால்தான் இப்படி ஆனது என்றுகூட நினைப்பார்கள். தாத்தாவுக்கு வாயில் நோய், மருந்து எடுக்கிறார், உனக்கு ஒட்டாது. இவ்வளவும் போதும், நாலு வயதுக்கும் விளங்கும். சென்னை அடையாறில் 1954-ல் பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் ஆஸ்பத்திரி தொடங்கக் காரணமாயிருந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1923-ல் தமது தங்கையை இந்நோய்க்குப் பறிகொடுத்தவர். தம் வீட்டுத் துக்கத்தை அவர் வீட்டுக்குள் பூட்டி வைக்கவில்லை.

தெமோதரைப் பெரியவரின் வீட்டுக்கு வருகிறேன். தொற்றாது என்று தாதியொருவர் மருமகளுக்கு விளங்கப்படுத்தியபின், தனி டம்ளர் மற்ற டம்ளர்களோடு சேர்ந்துவிட்டது. வார நாட்களில் மகன் சிகிச்சைக்குக் கூட்டிப்போவார். திரும்பி வந்து வெறுமனே படுத்திருந்தவரிடம் மனைவி ஒரு வெட்டிய மாத்தகரத்தில் மண்ணை நிரப்பிக் கொடுத்து, “ஒங்களுக்குத்தான் தெரியும், நீங்களே போடுங்க” என்றார். அவர் போஞ்சி விதை போட்டார். பேத்தி தண்ணீர் ஊற்றினாள். அதிகமாக ஊற்றியதற்கு ஏச்சும் வாங்கினாள். சிகிச்சைக்குப் போக மனமில்லாத காலைகளில்கூட எழுந்து அதைப் பார்த்துவிட்டே படுப்பார், பிறகு எப்படியோ புறப்பட்டுவிடுவார் என்று மகன் சொன்னார். முப்பத்துமூன்று நாட்களும் போய் முடித்தார்.

சில மாதங்கள் கழித்துப் போயிருந்தபோது, மனைவி போஞ்சிக்காயை அவித்து மசித்துச் சோற்றோடு கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு வாய் வைத்துவிட்டு, “உப்பு பத்தாது” என்றார். மருமகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். இத்தனை மாதமாக அவர் உப்பைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. மனைவி சிரித்துக்கொண்டே உப்புப் போத்தலை எடுக்கப் போனார்.