விலை சொல்லாத கோடுகள்

பிஸ்கட் பொட்டலம் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். வெள்ளைப் பரப்பில் மெலிந்தும் தடித்தும் கறுப்புக் கோடுகள் தெரிகின்றன அல்லவா? இதுதான் பார்கோடு. கடையில் இதைக் கருவியிடம் காட்டியதும் திரையில் விலை தோன்றுகிறது. அப்படியானால் விலை இந்தக் கோடுகளுக்குள் இருக்கிறதா? இல்லை! இவற்றில் இருப்பது ஓர் எண் மட்டுமே. அந்த எண்ணுக்குரிய விலை கடையின் கணிப்பொறியில் இருக்கிறது.

முன்பு அது விற்பனையாளரின் தலைக்குள் இருந்தது. துவரம்பருப்பு என்ன விலை, எந்தச் சரக்கு தீரப்போகிறது என்பதெல்லாம் மளிகைக்கடைக்காரருக்கு மனப்பாடம். அமெரிக்கப் பேரங்காடிகளிலோ ஒவ்வொரு டப்பாவிலும் விலைச்சீட்டு ஒட்டினார்கள். விலை மாறினால் அத்தனை சீட்டுகளையும் மாற்றியாக வேண்டும். இதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள்.

நார்மன் ஜோசப் வுட்லேண்ட் என்பவர் மயாமி கடற்கரை மணலில் மோர்ஸ் தந்திக் குறிகளின் புள்ளிகளையும் கோடுகளையும் விரலால் கீழ்நோக்கி நீட்டிப் பார்த்தபோது பார்கோடு பிறந்தது. அவரும் நண்பர் பெர்னார்டு சில்வரும் 1952-இல் காப்புரிமை பெற்றார்கள். ஆனால் கோடுகளை விரைவாகப் படிக்க மலிவான கணிப்பொறியும் லேசரும் வரவேண்டியிருந்தது. 1963-இல் மறைந்த சில்வர் தம் கண்டுபிடிப்பு கடைக்கு வந்ததைப் பார்க்கவேயில்லை. 1974 ஜூன் 26 அன்று ஓஹையோ மாநிலத்தின் டிராய் நகரில், 67 சென்ட் விலையுள்ள சூயிங்கம் பொட்டலம் ஒன்று முதன்முதலாகக் கருவியின் மேல் நகர்த்தப்பட்டது.

கறுப்புக் கோடு ஒளியை விழுங்கும். வெள்ளை இடைவெளி திருப்பி அனுப்பும். திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கத்தைக் கருவி எண்ணாக மாற்றுகிறது. தவறாகப் படித்துவிட்டால்? அதற்கும் வழி இருக்கிறது. நம் நாட்டுப் பொட்டலங்களில் பெரும்பாலும் 890 என்று தொடங்கும் 13 இலக்கங்கள் இருக்கும். 1, 3, 5 என ஒற்றைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டுங்கள். இரட்டைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டி 3-ஆல் பெருக்குங்கள். இரண்டையும் சேர்த்தால் கடைசி இலக்கம் 0 ஆக வரவேண்டும். 8901234567890 என்ற எண்ணில் 28-உம் 102-உம் சேர்ந்து 130 வருகிறது. (890 என்பது எண்ணை வழங்கிய நாட்டைத்தான் குறிக்கும், பொருள் செய்யப்பட்ட நாட்டை அல்ல.)

இந்த எண் விற்பனையாளரின் வேலையையே மாற்றிவிட்டது. சீட்டு ஒட்டும் வேலை சுருங்கியது. எந்தச் சரக்கு எவ்வளவு விற்றது என்பதை மாலைக்குள் கணிப்பொறி சொல்லிவிடுகிறது. எனவே கொள்முதலும் அவர் கையைவிட்டுப் போயிற்று. ஊழியர் சங்கங்களும் நுகர்வோரும் சும்மா இருக்கவில்லை. பொருளின் மேல் விலை இருந்தே தீரவேண்டும் என்று மிச்சிகன் மாநிலம் 1976-இல் சட்டமே இயற்றியது. அது 2011-இல் நீக்கப்பட்டது.

அவர்களுடைய அச்சம் வீணானதல்ல என்பேன். கணிப்பொறியில் யாரோ விலையைத் தவறாகப் பதிந்துவிட்டால், பில் போடுபவருக்கு அது தெரியாது. விலையை மனப்பாடமாக அறிந்த பழைய விற்பனையாளரோ உடனே புருவத்தை உயர்த்தியிருப்பார்.

இப்போது சில கடைகளில் வாங்குபவரே பொருளைக் கருவியிடம் காட்டிப் பணம் செலுத்துகிறார். ஆனால் அதே கடையின் காய்கறிப் பகுதிக்குப் போய்ப் பாருங்கள். கட்டுக் கீரையின் மேல் ஏது கோடு? அங்கே தராசுக்கருகில் ஒருவர் நிற்கிறார். அது அரைக்கீரையா முளைக்கீரையா என்று அவர்தான் பார்த்துச் சொல்லி, அதற்குரிய எண்ணைத் தட்டுகிறார்.