செதிலால் மீன் வளர்ச்சியைக் கணித்தல்

தஞ்சைக் காவிரிப் பாசனக் குளங்களில் விடப்படும் கட்லா, ரோகு மீன்களை எப்போது பிடித்தல் இலாபம் என்பதை அறிய, அவற்றின் செதில் துணைபுரியும். மீன் வளருங்கால் செதில்களின் எண்ணிக்கை மாறாது, அளவே பெருகும். வளர்ச்சி தடைப்பட்ட காலம் செதிலில் வளையமாகப் பதியும்.

நார்வே நாட்டறிஞர் ஐனார் லேயா 1910-ல் வெளியிட்ட விகிதக் கணக்கு இதற்கு ஏற்றது. உதாரணமாக, 60 செ.மீ. நீளமுள்ள கட்லாவின் செதில், நடுவிலிருந்து ஓரம்வரை 12 மி.மீ., வளையம்வரை 8 மி.மீ. எனில், வளையம் விழுந்தபோது மீனின் நீளம் ஏறக்குறைய 40 செ.மீ. ஆகும். உதிர்ந்து மறுபடி முளைத்த செதில் இதற்கு உதவாது.

கோடையில் நீர் வற்றினும், இரை குறையினும் வளையம் விழக்கூடுமாதலின், ஒரு வளையத்தை ஓராண்டெனத் துணிதல் கூடாது. குஞ்சு விட்ட தேதியைக் குறித்துவைத்து, அதனுடன் ஒப்பிட்ட பின்னரே குளத்துக் குத்தகைத் தவணையை நிர்ணயித்தல் நலம்.