ஒரு தொழிலாளிக்கு எவ்வளவு காற்று?

சென்னையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் சென்றால் ஸ்ரீபெரும்புதூர். இராமானுஜர் அவதரித்த ஊர் என்று பெயர் பெற்ற இவ்வூரைச் சுற்றி, இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை, இன்று மோட்டார் கார்களும் மின்னணுக் கருவிகளும் உற்பத்தியாகின்றன. நுண்ணிய பாகங்களைப் பூட்டும் கூடங்களில் தூசியும் ஈரமும் புகக்கூடாது. ஆகவே நாற்புறமும் அடைத்துக் குளிர்சாதனம் பொருத்துகிறார்கள். அப்படிப்பட்ட கூடத்தில் வேலை செய்வோருக்கு வெளிக்காற்று எவ்வளவு தேவை?

பிராணவாயு தீர்ந்துவிடும் என்பதுதான் கவலை என்று நீங்கள் நினைக்கலாம். அது அவ்வளவு விரைவில் குறையாது. மூச்சோடு வெளிவரும் கரியமிலவாயுதான் நமக்கு அளவுகோல். ஜெர்மன் விஞ்ஞானி பெட்டன்கோஃபர் 1858-இல் ஒரு வரம்பு வகுத்தார்: அறைக் காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 1,000 பங்குக்கு மேல் கரியமிலவாயு இருந்தால் அந்த அறைக்குக் காற்றோட்டம் போதாது. 1,000 பங்கு நஞ்சல்ல. ஆனால் அந்த அளவு வந்துவிட்டால் வியர்வை நாற்றமும் பிறர் விட்ட மூச்சும் தேங்கிவிட்டன என்று பொருள்.

இனி கணக்குக்கு வருவோம். 60 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரமுள்ள ஒரு கூடத்தில் 500 பேர் வேலை செய்வதாகக் கொள்வோம். கன அளவு 12,000 கன மீட்டர். ஆளுக்கு 24 கன மீட்டர். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஆளுக்கு 14.2 கன மீட்டர் கேட்டது, 4.2 மீட்டருக்கு மேலுள்ள உயரத்தை அது கணக்கில் சேர்க்கவில்லை. அப்படிக் கழித்தாலும் நம் கூடத்தில் ஆளுக்கு 20 கன மீட்டர் தேறும். சட்டப்படி தாராளமான இடந்தான்!

ஆனால் நின்றபடி இலேசான வேலை செய்பவர் மணிக்குச் சுமார் 24 லிட்டர் கரியமிலவாயுவை வெளியிடுகிறார். அவர் பங்குக் காற்று 24,000 லிட்டர். ஆகவே, கூடத்தை இறுக மூடினால் மணிக்கு 1,000 பங்கு ஏறும். வெளிக்காற்றிலேயே 420 பங்கு இருப்பதால், 35 நிமிடத்தில் பெட்டன்கோஃபரின் வரம்பு கடந்துவிடும். எட்டு மணி நேர ஷிப்ட் முடியும்போது அளவு 8,400-ஐத் தொடும். பல நாடுகள் தொழிற்கூடங்களுக்கு வைத்திருக்கும் வரம்போ 5,000 தான். ஆக, இடம் மட்டும் போதாது, காற்று மாறிக்கொண்டே இருக்க வேண்டும்.

எவ்வளவு மாற வேண்டும்? வரம்பு 1,000, வெளிக்காற்றில் 420, இடைவெளி 580 பங்கு. 24 லிட்டரை இந்த இடைவெளியால் வகுத்தால் ஆளுக்கு மணிக்குச் சுமார் 41 கன மீட்டர். 500 பேருக்கு 20,500. பெட்டன்கோஃபர் காலத்தில் வெளிக்காற்றில் 300 பங்குகூட இல்லை. அன்று 34 கன மீட்டரே போதுமாயிருந்திருக்கும். உலகம் எரித்த நிலக்கரியும் எண்ணெயும் இந்தச் சிறு வகுத்தலில்கூட வந்து உட்கார்ந்துகொள்கின்றன!

பற்றாசு வைக்கும்போது எழும் புகைக்கும் பெயிண்ட் ஆவிக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவற்றைப் பிறக்கும் இடத்திலேயே குழாய் வைத்து உறிஞ்சி வெளியேற்ற வேண்டும்.

வெளிக்காற்று இலவசந்தானே? இல்லை. வெளியே 35 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் இருக்கும் நாளில், இந்த 20,500 கன மீட்டரைக் குளிர்வித்து உலர்த்த மட்டும் ஏறத்தாழ 75 டன் குளிர்ப்பொறி வேண்டும். மின்கட்டணத்தைப் பார்த்ததும் வெளிக்காற்றுக் கதவைச் சற்றே சாத்திவைக்க ஆசை வருகிறது. சாத்தினாலும் உள்ளே குளிர்ச்சி குறையாதாகையால் யாரும் உடனே உணரமாட்டார்கள். இதுதான் பெரிய ஆபத்து.

2021 மே மாத இறுதியில், கொரோனாவின் இரண்டாம் அலையின்போது, தொழிலாளர்கள் தங்கள் பாதுகாப்புக்காகக் குரல் எழுப்பினார்கள். இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையும் ஒரகடம் ரெனோ-நிசான் ஆலையும் சில நாட்கள் மூடப்பட்டன. ஆளுக்கு ஆள் இடைவெளி வேண்டும் என்பதே அன்று பெரிதாகப் பேசப்பட்டது. கிருமி தாங்கிய நுண்துளிகளோ மூடிய அறையில் காற்றோடு மிதந்து இடைவெளியைத் தாண்டிவிடும். அவற்றை நீர்க்கச் செய்வது வெளிக்காற்றே.

சுவரில் மாட்டும் சாதாரண ஏ.சி. பெட்டி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருப்பதையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. 7 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள வகுப்பில் அதை ஓடவிட்டு, கதவு ஜன்னல்களைச் சாத்தி, 42 மாணவர்களை உட்காரவையுங்கள். உட்கார்ந்திருப்பவர் மணிக்கு 18 லிட்டர் கரியமிலவாயு விடுவார். 1,000 பங்கை எட்ட எத்தனை நிமிடம்? போட்டுப் பாருங்கள்; ஆறுகூட வராது.