பணம் யார் பெயரில் வருகிறது?

பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி வேலை என்று வாட்ஸ்அப்பில் ஓர் அறிவிப்பு வந்துவிட்டால், திருவண்ணாமலையில் எம்.எஸ்சி. முடித்த பிள்ளை இருக்கும் வீட்டில் முதலில் எழும் கேள்வி, "கவர்மென்ட் வேலையா?" மாதம் 37,000 ரூபாய் என்று போட்டிருக்கும். அதற்குக் கீழேயே முற்றிலும் தற்காலிகமானது என்றும், நேர்காணலுக்கு வரப் பயணப்படி கிடையாது என்றும் இருக்கும்.

சேர்க்காட்டில் இருக்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகமோ, சிதம்பரத்து அண்ணாமலையோ, அறிவிப்பில் பெயர்தான் பல்கலைக்கழகத்துடையது. பணம் பெரும்பாலும் டெல்லியிலிருந்து வருகிறது. ஒரு பேராசிரியர் ஆய்வுத் திட்டம் எழுதி, மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறைக்கோ (டி.எஸ்.டி.), எஸ்.இ.ஆர்.பி.யாக இருந்து இப்போது ஏ.என்.ஆர்.எஃப். ஆகிவிட்ட ஆய்வு நிதி அமைப்புக்கோ அனுப்புகிறார். ஒப்புதலானால் பெரும்பாலும் மூன்று ஆண்டுக்கு நிதி. ரசாயனம், கருவி, பயணம், ஓர் இளம் ஆய்வாளருக்கான தொகை எல்லாம் அதற்குள்தான். திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது. போன வருடக் கணக்கை ஒப்படைத்த பிறகே அடுத்த தவணை வரும் என்பதால், சில மாதம் கையில் ஒன்றும் வராமல் பிறகு மொத்தமாக வருவதும் உண்டு. வீட்டு வாடகைக்கு இந்தக் கணக்கு புரியாது.

இளம் ஆய்வாளருக்கான இந்த ஜே.ஆர்.எஃப். தொகை 31,000 ஆக இருந்து, 2023 ஜனவரி 1 முதல் 37,000 ஆனது. சீனியர் ஆனால் 42,000. சம்பளம் என்று நாம் சொன்னாலும் தாளில் அது உதவித்தொகைதான்.

இதே தொகைக்கு இன்னொரு வழி சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வு. வேதியியல், இயற்பியல், கணிதம், உயிரியல், புவி அறிவியல் என ஐந்து பாடங்களில் வழக்கமாக ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. அதில் ஜே.ஆர்.எஃப். வாங்கியவருக்குப் பணம் அவர் பெயரிலேயே வரும். அவர் தனக்கேற்ற ஆய்வு வழிகாட்டியை, அதாவது கைடைத் தேடிப் போகலாம். திட்டத்தில் சேர்பவருக்குப் பணம் கைடின் திட்டத்திலிருந்து வரும். ஆய்வகத்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்து மேசைதான், ஆனால் கைடோடு ஒத்துவராவிட்டால் யார் எழுந்து போக முடியும் என்பதில் வித்தியாசம் தெரியும். ஆகவே திட்ட வேலைக்குப் போகிறவர் நேர்காணலிலேயே தயங்காமல் கேட்க வேண்டியது: இதிலேயே பிஎச்.டி. பதிவு கிடைக்குமா, திட்டத்தில் இன்னும் எத்தனை மாதம் பாக்கி?

இடம் ஓரிடம், விண்ணப்பம் வேறிடம் என்பதற்கு அருகிலேயே ஓர் உதாரணம் உண்டு. ஜவ்வாது மலையில் ஏறினால் காவலூர் வானாய்வகம். யுரேனஸின் வளையங்களை 1977-இல் கண்டறிந்ததில் பங்குள்ள இடம்; 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் அங்கே இருக்கிறது. நம் மலைதான், ஆனால் அங்கே ஆய்வு செய்ய ஆசைப்படுகிறவர் விண்ணப்பிக்க வேண்டியது பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்துக்கு. கிரிவலத்துக்கு நாம் காத்திருக்கும் பௌர்ணமி, மங்கலான விண்மீனைத் தேடும் வானியலாளர்களுக்கு இடைஞ்சல்.

நேர்காணலும் பௌர்ணமியன்று விழுந்தால், காலையில் போகிற பஸ்ஸில் இடம் கிடைத்துவிடும். சான்றிதழ் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு கிரிவலக் கூட்டத்தோடு திரும்பி வரும்போதுதான் பாடு.